பயிற்சிக்கு ஒரு முகம்

தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்பதுதான் ஆவுடையம்மாளுக்கு முதல் பயம். செய்ததைப் பற்றிய பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. ஜெனிட்டா மிஸ்ஸின் மேஜைக்கு எழுந்து போய், மிஸ், எங்க வீட்டுக்காரர் படத்தைக் கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் வைத்துவிட்டேன், அதை எடுக்க வேண்டும் என்று சொல்லிவிடலாம். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் வீட்டுக்காரர், அஞ்சலி, எடுக்க வேண்டும் என்ற மூன்றும் ஒரே மூச்சில் தன் வாயிலிருந்து வருவதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. வாயிலிருந்து போன சொல்லை எங்கே போய்ப் பிடிப்பது. கம்ப்யூட்டரில் செய்ததையாவது ஒவ்வொன்றாகப் பின்னால் போய் இல்லையென்று ஆக்கிவிடலாம். முதல் வகுப்பிலேயே மிஸ் அதைத்தான் சொல்லிக் கொடுத்தாள், கன்ட்ரோலையும் இசட்டையும் சேர்த்து அமுக்கினால் கடைசியாகச் செய்தது போய்விடும், மறுபடி அமுக்கினால் அதற்கு முன்னால் செய்தது போகும் என்று. அன்றைக்கு அதைக் கேட்டுவிட்டு ஆவுடையம்மாள் வீடு போய்ச் சேரும்வரை தனக்குள் சிரித்துக்கொண்டே போனாள். இப்படி ஒரு பொத்தானை உலகம் இத்தனை நாள் தனக்குக் காட்டாமல் வைத்திருந்ததே என்று. இப்போது பொத்தான் விரலுக்குக் கீழேயே இருக்கிறது, கரண்ட்தான் இல்லை. ஒன்று பத்துக்கு நின்றது. மணி ஒன்றே முக்கால்.

அந்தக் கம்ப்யூட்டர் ஓவியப் பள்ளி பாளையங்கோட்டையில் ஒரு ஐஸ்கிரீம் கடைக்கு மேலே மாடியில் நடந்தது. பன்னிரண்டு கம்ப்யூட்டர், பன்னிரண்டு பேர். பதினொரு பேருக்கு இருபத்திரண்டு தாண்டவில்லை, பன்னிரண்டாவது ஆளாக நாற்பத்தேழு வயதில் ஆவுடையம்மாள். எட்டாம் வகுப்போடு நின்றவள். ரவிக்கையில் ஆரி வேலை செய்கிறவர்களுக்கு இருபது வருஷமாக டிரேஸிங் தாளில் மயிலும் மாங்காயும் வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தவளிடம், போன வருஷத்திலிருந்து, தாள் வேண்டாம், போனில் அனுப்புங்கள், கலர் போட்டு அனுப்புங்கள் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். அதற்காகச் சேர்ந்த வகுப்பு. சேர்ந்த நாளிலிருந்து மற்றவர்கள் ஒரு தடவையில் பிடிப்பதை இவள் நோட்டில் எழுதி, வீட்டில் அடுப்பு முன்னால் நின்று மனப்பாடம் பண்ணி, மறுநாள் வந்து மறந்தாள். ஆனால் வெட்டி எடுப்பதில் மட்டும் அவள் கை யாருக்கும் குறைந்ததில்லை. முகத்தைச் சுற்றி, முடியைச் சுற்றி, ஓரம் பிசிறில்லாமல் வெட்டுவாள். மாங்காய் வளைவு பழகிய கை. அந்தக் கைதான் வினை வைத்தது. மிஸ் போன வாரம் ஆளுக்கொரு போஸ்டர் செய்யச் சொன்னாள், கண்ணீர் அஞ்சலி போஸ்டர். ரெண்டு பேர் முகம் சுளித்ததற்கு, ஃபிளெக்ஸ் கடையில் வேலைக்குப் போனால் முதலில் கையில் தருவது இதைத்தான், கல்யாண பேனருக்கு மாசம் பார்க்கணும், இதுக்குப் பார்க்க வேண்டாம் என்றாள். ரேஷன் கார்டிலிருந்து கிழித்துக் கொண்டுவருவார்கள், கண் பாதி மூடியிருக்கும், அதைத் திறந்து வைக்கணும், சட்டை இருக்காது, வெள்ளைச் சட்டை மாட்டிவிடணும், தலை சீவிவிடணும், ரெண்டு பக்கமும் குத்துவிளக்கு, கீழே ரோஜா, தோற்றம், மறைவு. முகம் நேராகப் பார்க்கிற படமாக எடுத்துக்கோங்க, பின்னால் ஒரே நிறமாக இருந்தால் வெட்ட லேசு. அவ்வளவுதான் சொன்னாள். யார் முகம் என்று சொல்லவில்லை. அது சொல்லித் தெரிய வேண்டியதில்லை என்று நினைத்திருப்பாள். மற்றவர்களுக்கெல்லாம் தெரிந்துமிருந்தது. எல்லாரும் நெட்டிலிருந்து ஏதேதோ முகத்தை எடுத்தார்கள். பக்கத்து நாற்காலி சுலைகா அவள் வீட்டுப் பூனைக்குச் செய்தாள். பூனைக்கு வெள்ளைச் சட்டை மாட்டி, வீரமரணம் என்று போட்டிருந்தாள். வாப்பா படத்தை வைத்திருந்தால் வாப்பா என்னையே போஸ்டர் ஆக்கியிருப்பார் என்று அவள் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள், ஆவுடையம்மாளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவளுடைய திரையில் வீட்டுக்காரர் திரவியம் மாலைக்குள் இருந்தார்.

ஏன் வைத்தாள். அதைத்தான் அவள் தனக்குத் தானே கேட்டுக்கொண்டிருந்தாள், ஒன்று பத்திலிருந்து. நெட்டில் தேட எழுத்துக் கூட்டிப் போடத் தெரியவில்லை, வெட்கமாக இருந்தது, போனில் இருந்த படங்களில் முகம் நேராகவும் பின்னால் ஒரே நிறமாகவும் இருந்தது அது ஒன்றுதான், ஆபீஸ் அடையாள அட்டைக்கு எடுத்த படம், பின்னால் நீலம். அதனால் வைத்தாள். மிஸ் சொன்ன இரண்டு விதியும் பொருந்திய ஒரே முகம். இதைச் சொன்னால் யாரும் ஒத்துக்கொள்வார்கள். ஆனால் வைத்த பிறகு என்ன செய்தாள் என்று கேட்டால்? வைத்த பிறகு நெற்றியின் நடுவில் இருந்த கோபக் கோட்டை எடுத்தாள். பக்கத்திலிருந்து நல்ல தோலைத் தொட்டுத் தொட்டுக் கோட்டின் மேல் வைத்தால் கோடு போய்விடும். இருபத்தாறு வருஷமாக எந்தச் சாப்பாட்டுக்கும் எந்தப் பதிலுக்கும் போகாத கோடு ஒன்பது தொடலில் போயிற்று. முடியைக் கறுப்பாக்கினாள். கண்ணில் இருந்த மஞ்சளை எடுத்தாள். வெள்ளைச் சட்டை. விளக்கு வெளிச்சம் கன்னத்தில் கொஞ்சம். செய்து முடித்துத் தள்ளி உட்கார்ந்து பார்த்தபோது, இப்படி ஒரு மனுஷன் என்று தோன்றியது. அதை அவள் யாரிடமும் சொல்லப் போவதில்லை. தனக்கேகூடப் பாதி வரைதான் சொல்லிக்கொண்டாள். இப்படி ஒரு மனுஷன், சத்தமில்லாமல். டிவியின் சத்தத்தை ஏற்றி வைத்துக்கொண்டு அதற்கு மேலே கத்தாமல். வீடு எவ்வளவு அமைதியாக இருக்கும் என்று, ஒரு நொடி, ஒரு நொடிகூட இருக்காது, கண் இமைக்கிற நேரம், கூடத்தில் டிவி நின்று போய் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கிற மாதிரி அவளுக்குக் கேட்டது. நன்றாக இருந்தது. அங்கேதான் விரல் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. மறைவு என்ற இடத்தில் என்ன போடுவது என்று தெரியாமல், சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்து இன்றைய தேதியைப் போட்டாள். அரைப் பரீட்சைத் தாளில் தேதி போடுகிற மாதிரி. போட்டு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, கரண்ட் போயிற்று.

கரண்ட் போனது திரவியம் நிறுத்தினதால். அவர் மின்வாரியத்தில் லைன்மேன். காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார், மத்தியானம் உங்க பள்ளிக்கூடத் தெருவுக்குக் கரண்ட் இருக்காது, மரக்கிளை வெட்டுதோம், ரெண்டு மூணு கம்பம் ஏற வேண்டியிருக்கு. அதை மிஸ்ஸிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினாள். மறந்துவிட்டாள். சொல்லியிருந்தால் மிஸ் வகுப்பை நாளைக்குத் தள்ளியிருப்பாள், தள்ளியிருந்தால் இன்றைக்குப் படமே இல்லை. எல்லாம் ஒரு சின்ன மறதியில் வந்து நிற்கிறது. இல்லை, மறதியில் இல்லை, அந்த நொடியில்தான் நிற்கிறது, நன்றாக இருந்தது என்று நினைத்த நொடியில். அவர் இப்போது எங்கேயோ இரண்டு தெரு தள்ளிக் கம்பத்தில் இடுப்புக் கயிற்றோடு நிற்கிறார். இங்கே கறுத்துப் போன திரைக்குப் பின்னால் மாலையோடு நிற்கிறார். கரண்ட் வந்தால்தான் இங்கே இருப்பவரை வெளியே எடுக்க முடியும். மிஸ் மூன்று மணிக்கு எல்லாருடைய வேலையையும் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் ஃபிளெக்ஸ் கடைக்குப் போய் அச்சடித்து, சனிக்கிழமை புதிதாகச் சேர வருகிறவர்கள் பார்க்க மாடிப்படிச் சுவர் முழுக்க ஒட்டப் போகிறாள். அதற்குள் கரண்ட் வர வேண்டும். சீக்கிரம் வரட்டும், சாமி, சீக்கிரம் வரட்டும் என்று அவள் மனசுக்குள் சொல்ல ஆரம்பித்து, மூன்றாவது தடவை சொல்லும்போது தான் கேட்பது என்ன என்று விளங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் மேலே இருக்கும்போது கரண்ட் வரட்டும் என்று கேட்கிறாள். வர வேண்டாம். மூன்று மணிவரை, நாலு மணிவரை, ராத்திரி வரைகூட வர வேண்டாம். வராவிட்டால் படம் அப்படியே இருக்கும். அவர் இறங்கின பிறகு வரட்டும். இறங்கினது எப்படித் தெரியும். சாமிக்குத் தெரியும். ஆனால் சாமி முதலில் சொன்னதைக் கேட்டுக்கொண்டு கிளம்பிவிட்டிருந்தால்?

அவள் போனை எடுத்து அவருக்கு அடித்தாள். மணி அடித்து நின்றது. மறுபடி அடித்தாள். எடுக்கமாட்டார், கம்பத்தில் ஏறும்போது போனை பைக் பெட்டிக்குள் போட்டுவிடுவார், அது அவருடைய வழக்கம், எப்போதும் அப்படித்தான். எப்போதும் அப்படித்தான் என்று தெரிந்தும் ஒவ்வொரு தடவை மணி அடித்து ஓயும்போதும் மறுபடி அடித்தாள். எல்.சி. வாங்காமல் அவர் ஏறமாட்டார். அது ஒரு சீட்டு, இந்த லைனில் ஆள் வேலை செய்கிறான், நான் திருப்பித் தரும்வரை கரண்ட் விடாதே என்று எழுதி வாங்குகிற சீட்டு. அது கையில் இருக்கும்வரை கலெக்டரே கேட்டாலும் விடமாட்டார்கள் என்று திரவியம் பெருமையாகச் சொல்வார். ஏழு வருஷத்துக்கு முன்னாலும் அந்தச் சீட்டு அவர் பையில் இருந்தது. ஆபீஸிலிருந்து கரண்ட் வரவில்லை, ஏதோ ஒரு வீட்டு ஜெனரேட்டரிலிருந்து வந்தது. மாற்றுச் சுவிட்ச் இல்லாமல் நேராகச் சொருகியிருந்தார்கள். வீட்டுக்குள் போக வேண்டிய கரண்ட் பின்பக்கமாகத் தெருக் கம்பிக்கு ஏறிவிட்டது. உள்ளங்கை வெந்து, கயிறு பிடித்ததால் விழாமல் தொங்கினார். ஆஸ்பத்திரியில் இவள் போய் நின்றபோது கண்ணைத் திறந்து, எதுக்கு ஆட்டோவுல வந்த, பஸ் இல்லையா என்று கேட்டார். அதை நினைத்தால் இவளுக்கு இப்போதும் சிரிப்பும் வரும், அழுகையும் வரும். இப்போது இரண்டும் வரவில்லை. கறுப்புத் திரையில் தன் முகம்தான் மங்கலாகத் தெரிந்தது, சரியாக அவர் முகம் இருந்த இடத்தில். அவள் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டாள். வியர்வை முதுகில் வழிந்தது. சுலைகா நோட்டால் விசிறிக்கொண்டே இவளுக்கும் சேர்த்து விசிறினாள். என்னக்கா, மாமாவுக்கா போன், சாப்ட்டாங்களான்னு கேக்கவா என்று கேட்டாள். ஆமா என்றாள்.

ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்த பையன்கள் கீழே எட்டிப் பார்த்து, ஐஸ்கிரீம் கடை அண்ணாச்சி ஜெனரேட்டரைத் துடைக்கிறார் என்றார்கள். ஐஸ்கிரீம் உருகினால் அண்ணாச்சி உருகிவிடுவார் என்று ஒருத்தன் சொன்னான். மிஸ், நமக்கும் ஒரு ஒயர் கேளுங்க மிஸ், மூணு மணிக்குள்ள முடிச்சிருவோம் என்றாள் சுலைகா. மிஸ் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, அண்ணாச்சி, மேலயும் குடுப்பீங்களா என்று குரல் கொடுத்தாள். ஆவுடையம்மாள் எழுந்து நின்றுவிட்டாள். நாற்காலி பின்னால் விழுந்தது. வேண்டாம், போடச் சொல்லாதீங்க என்றது அவள் குரல்தான், ஆனால் அவளுக்கே வேறு யாரோ சொன்ன மாதிரி இருந்தது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இப்போது சொல்ல வேண்டும். மாற்றுச் சுவிட்ச், பின்பக்கமாக ஏறும், கம்பத்தில் ஆள் இருக்கிறது, அந்த ஆள் என் வீட்டுக்காரர். வரிசை மாறாமல் சொன்னால் சின்னப் பிள்ளைக்குக்கூட விளங்கும். அவள் சொன்னது, மேல ஏறிரும் மிஸ், ஆள் மேல ஏறிரும் என்று. ஆளா, யாரு ஏறுவா என்று மிஸ் கேட்டாள். பையன்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். அவள் பேச்சு விளங்காமல் மிஸ் படியிறங்கிப் போய் அண்ணாச்சியிடமே கேட்டுவிட்டு வந்தாள். மாற்றுச் சுவிட்ச் இருக்கிறதாம், சுவரில் பெட்டி மாதிரி வைத்திருக்கிறாராம், தெருவுக்கு ஒன்றும் போகாதாம். பயப்படாதீங்கக்கா என்று தோளைத் தொட்டாள். ஆவுடையம்மாள் நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்தாள். இருக்கிறது என்று சொல்வதும் இருப்பதும் ஒன்றா. அன்றைக்கு அந்த ஜெனரேட்டர் வைத்த வீட்டுக்காரனும் இருக்கிறது என்றுதான் சொல்லியிருப்பான். கீழே மோட்டார் இருமி, நின்று, மறுபடி இருமிப் பிடித்துக்கொண்டது. தரை லேசாக அதிர்ந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். எங்கேயாவது யாராவது கத்துகிற சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்தாள். மோட்டார்ச் சத்தம்தான் கேட்டது. அது எல்லாச் சத்தத்தையும் தின்றது.

திரைகள் ஒவ்வொன்றாக விழித்தன. அவளுடைய கம்ப்யூட்டர் தானாகவே, கரண்ட் போகும்போது திறந்திருந்த வேலையை மீட்டுவிட்டேன் என்று ஒரு பெட்டியைக் காட்டி, கேட்காமலேயே அதைத் திறந்தது. விளக்கு, ரோஜா, மாலை, கோடில்லாத நெற்றி. திரவியம் நேராக அவளையே பார்த்தார். கீழே இன்றைய தேதி. எல்லாரையும் சுற்றிப் பார்த்துக்கொண்டு வந்த ஜெனிட்டா மிஸ் பின்னால் வந்து நின்றாள். அடேயப்பா என்றாள். சுலைகா, வந்து பாரு, ஓரம் எப்படி வெட்டிருக்காங்க பாரு, உன் பூனைக்கு மீசையே காணோம். பிறகு குனிந்து பார்த்து, குரலைத் தாழ்த்தி, யாருக்கா இது, சொந்தமா, எப்படித் தவறுனாங்க என்று கேட்டாள். நல்ல பெண், நிஜமாகவே வருத்தப்பட்டுத்தான் கேட்டாள். எப்படித் தவறினார். கேள்வி அங்கே காற்றில் நிற்கிறது, பதில் சொன்னால் அது பதிலாகிவிடும், சொல்லாவிட்டால் கேள்வி அப்படியே வீட்டுக்கு வரும். சுலைகாதான் அவளைக் காப்பாற்றினாள். நெட்டுல எடுத்திருப்பாங்க மிஸ், எல்லாரும் அங்கதான எடுத்தோம் என்றாள். ஆமா மிஸ், நெட்டுல எடுத்தது, யாருன்னு தெரியாது என்றாள் ஆவுடையம்மாள். யாரென்று தெரியாது. மிஸ் அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டாள். அந்தச் சொல் போகவில்லை. இருபத்தாறு வருஷம் சோறு போட்ட கை, யாரென்று தெரியாது.

சரி, எடுத்துவிடலாம். அவள் அவருடைய லேயரைத் தொட்டாள். மிஸ் சொல்லிக் கொடுத்த கணக்கில் ஒவ்வொரு படமும் கண்ணாடித் தாள் மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும், லேயர் என்று பெயர். விளக்கு ஒரு தாள், மாலை ஒரு தாள், அவர் ஒரு தாள். குப்பைத்தொட்டிப் படத்தின் மேல் வைத்தாள். இதை அழிக்கவா என்று பெட்டி கேட்டது. ஆம், இல்லை. விரல் ஆம் மேல் நின்றது. ஆம் என்று எப்படி அமுக்குவது. அவர் கம்பத்தில் நிற்கும்போது, இதை அழிக்கவா என்று கேட்பவனிடம், பெண்டாட்டி உட்கார்ந்துகொண்டு ஆம் என்று சொல்வதா. இல்லை என்று அமுக்கினாள். அழிக்க வேண்டாம், மறைத்துவிடலாம், பக்கத்தில் ஒரு சின்னக் கண் படம் இருக்கும், அதைத் தொட்டால் அந்தத் தாள் தெரியாமல் போய்விடும். தொடப் போனவள் நின்றாள். கண்ணை மூட வேண்டும். அவருடைய கண்ணை இவள் கையால் மூட வேண்டும். கன்ட்ரோல் இசட் போட்டுப் பார்த்தாள், அது நகரவில்லை. கரண்ட் போனதில் செய்தவற்றின் வரிசை எல்லாம் மறந்துவிட்டது போலிருந்தது. வெட்டு, அழி, மறை, துடை. அந்த நிரலில் இருந்த ஒவ்வொரு கருவியையும் அவள் பார்த்துக்கொண்டே வந்தாள், ஒன்றைக்கூட ஒரு மனுஷன் மேல் வைக்க முடியாது. மணி இரண்டு முப்பத்தைந்து. அப்போதுதான் போன் மேஜையில் உறுமியது.

ஏட்டி, எதுக்கு பதினாலு தடவை அடிச்சிருக்க என்றார் திரவியம். மரத்தில் கோடரி விழுகிற சத்தம் பின்னால் கேட்டது. கம்பத்துல நிக்கவனுக்கு மூணாவது கையா இருக்கு, போன் எடுக்க?

சும்மாதான். சாப்ட்டீங்களா?

சாம்பார்ல உப்பே இல்ல. அதைச் சொல்லத்தான் அடிச்சியா? சரி வையி. இன்னும் ஒரு கம்பம் கிடக்கு.

அவள் ஒன்று சொல்ல நினைத்தாள், பார்த்து ஏறுங்க என்று. அதைச் சொன்னால் ஏன் என்று கேட்பார், இத்தனை வருஷம் சொல்லாததை இன்றைக்கு ஏன் என்று. வார்த்தையைத் தேடுவதற்குள் அவர் வைத்துவிட்டார். உயிரோடு இருக்கிறார். உப்பில்லை என்று சொல்கிற அளவுக்கு இருக்கிறார். நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது, இறங்கித் தரையைத் தொடுவதற்கு முன்னால் அந்தரத்தில் நின்றது. இன்னும் ஒரு கம்பம். இன்றைய தேதி இன்னும் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் பாக்கி இருக்கிறது. போஸ்டர் செய்தாயிற்று, விளக்கு ஏற்றியாயிற்று, மாலை காத்துக்கொண்டிருக்கிறது. காத்துக்கொண்டிருக்கிற மாலையை வெறுமனே விடக் கூடாது என்று அவளுக்குத் தோன்றியது. எங்கே கேட்டது, யார் சொன்னது, ஒன்றும் ஞாபகமில்லை. யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். ஆனால் தோன்றின பிறகு அது வெகுநாளாகத் தெரிந்த விஷயம் மாதிரி இருந்தது. அந்த இடம் காலியாக இருக்கக் கூடாது. அவரும் இருக்கக் கூடாது. நெட்டிலிருந்து எவனோ ஒருத்தனைக் கொண்டுவந்து வைக்கலாம், அவனுக்கும் ஒரு வீடு இருக்கும், அவனுக்கும் ஒருத்தி சாம்பார் வைத்திருப்பாள்.

போனிலிருந்து ஒரு படத்தைக் கம்ப்யூட்டருக்கு அனுப்பினாள். பள்ளியில் சேர்ந்த அன்று சுலைகா இந்தச் சுவரில் நிறுத்தி எடுத்த படம், முகம் நேராக, பின்னால் ஒரே வெள்ளை. சுற்றி வெட்டினாள், முடியின் பிசிறு வரை நிதானமாக. அவருடைய தாளைத் தொடாமல், அதற்கு மேலே தன் தாளை வைத்தாள். மாலைக்குக் கீழே, அவருக்கு முன்னால். குங்குமம் படத்தில் சின்னதாக இருந்தது, அதை நாலணா அளவுக்குச் சிவப்பாக வைத்தாள். திரவியம் என்ற பெயர் இருந்த இடத்தில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி ஆவுடையம்மாள் என்று தட்டினாள், தோற்றத்தில் தன்னுடைய வருஷத்தைப் போட்டாள், மறைவை இருந்தபடி விட்டாள். மிஸ் பென்டிரைவோடு முதல் வரிசையில் ஆரம்பித்துவிட்டாள். சுலைகா திரும்பிப் பார்த்து, யக்கா, என்ன பண்ணுதீங்க, உங்களுக்கு நீங்களேவா என்றாள், சிரிக்கப் போனவள் இவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை. ஆவுடையம்மாள் படத்தைப் பெரிதாக்கி ஓரம் ஓரமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். முகம் அவரை நன்றாகவே மூடியிருந்தது. இடது பக்கம் மட்டும் அவருடைய காது நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவள் தன் முகத்தைப் பிடித்து, அந்தக் காது உள்ளே போகும்வரை கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கினாள். பிறகு சேமித்தாள்.